மனச்சோர்வுக்கு ரத்தத்தில் அடையாளம் உண்டா? ஒரு லேப் டெக்னீஷியனின் அனுபவம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த கூட்டம் வாசலில் நிற்கும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, டெங்கு என்று எதற்கும் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்புகிற தொழில். அதனால்தானோ என்னவோ, எனக்கே மனச்சோர்வும் பதற்றமும் வந்தபோது அதற்கும் எங்கோ ஓர் எண் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இன்றுவரை அப்படி ஒன்று கிடையாது. அதற்காக, மனசு விஷயத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. எந்த டெஸ்ட் உதவும், எது காசுக்குக் கேடு, புதிதாக வந்திருக்கும் மருந்துகள் யாருக்கு என்று, ஊசி குத்துகிறவளாகவும் குத்திக்கொண்டவளாகவும் பார்த்ததை எழுதுகிறேன்.

எனக்கு அது முதலில் கையில்தான் தெரிந்தது. நரம்பு கிடைக்காத பாட்டிகள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை, பட்டையைக் கட்டும்போதே நடுங்க ஆரம்பித்தது. டியூபில் ஒட்டிய பெயர் சரிதானா என்று பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வரும், அப்புறம் தூக்கம் கிடையாது. வீடு கன்னங்குறிச்சியில், அம்மா வீடு மலைமேல், ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய பாதை. 20 கொண்டை ஊசி வளைவும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லுவேன். அந்தப் பஸ்ஸில் ஏறவே பயமாகிவிட்டது. ஏழாவது, எட்டாவது வளைவு வருவதற்குள் மூச்சு முட்டும், இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கும். பயம் போக மிச்சமிருந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றாது. மகள் ரேங்க் கார்டைக் காட்டினால்கூட "நல்லது கண்ணு" என்று வாய் சொல்லும், உள்ளே எதுவும் அசையாது.

கூட வேலை பார்க்கும் தம்பிதான் எனக்கு ரத்தம் எடுத்தான். சர்க்கரை, தைராய்டு, கால்சியம், சோடியம் மாதிரி உப்புகள் எல்லாம் சரி. இ.சி.ஜி. சரி. ஹீமோகுளோபின் குறைவு, பி12 ரொம்பக் குறைவு. பி12 ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும் ஆரம்பித்த சில வாரங்களில் படி ஏறினால் வந்த களைப்பு போய்விட்டது. மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு குறை கிடைத்ததும் "இதுதான் காரணம், சத்து மாத்திரை சாப்பிட்டால் போதும்" என்று நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குறையைச் சரிசெய்தும் மனசு அப்படியேதான் இருக்கிறது என்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

சரி, போவதற்கு முன் என்னென்ன டெஸ்ட் எடுத்துவைத்தால் உருப்படி? என் பட்டியல் சின்னது. தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபினோடு முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, பி12, உப்புகள். படபடப்பு இருந்தால் இ.சி.ஜி. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். கூடினால் பதற்றம் மாதிரியே இருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, அதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. பேக்கேஜில் அறுபது, எழுபது டெஸ்ட் என்று விளம்பரம் வரும். இந்தக் காரியத்துக்கு அவ்வளவு வேண்டாம். நான் வேலை பார்க்கும் இடத்திலும் பேக்கேஜ் விற்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

தைராய்டு பார்க்க வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்பது, "முடி வளர மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். படபடப்பு, தூக்கமில்லை. டி.எஸ்.எச். தரையில், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் உச்சியில். பார்த்தால் தைராய்டு கூடியவளுக்குரிய ரிப்போர்ட். ஆனால் முடிக்காக பயோட்டின் 10 மி.கி. மாத்திரை தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இயந்திரம் பயன்படுத்துகிற முறையிலேயே பயோட்டின் இருப்பதால், ரத்தத்தில் அது அதிகமிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். எல்லாக் கம்பெனி இயந்திரத்திலும் இந்தச் சிக்கல் இல்லை, பலதில் உண்டு. இரண்டு, மூன்று நாள் நிறுத்தச் சொல்லித் திரும்ப எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. கேட்காமல் விட்டிருந்தால் இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள், இருந்த பதற்றத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மனச்சோர்வையே காட்டிக்கொடுக்கும் பயோமார்க்கரை, அதாவது உடம்பில் அளக்கக்கூடிய அடையாளத்தைத் தேடாமல் யாரும் சும்மா இருக்கவில்லை. 1981இல் பெர்னார்ட் கேரல் என்ற மனநல மருத்துவரின் குழு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வைத்துச் செய்யும் சோதனையை இதற்காக முறைப்படுத்தியது. இரவு 11 மணிக்கு 1 மி.கி. மாத்திரை, மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனைப் பார்ப்பது. சாதாரண உடம்பில் அந்த மாத்திரை கார்ட்டிசாலை அடக்கிவிடும். கடுமையான மனச்சோர்வில் பலருக்கு அடங்கவில்லை. பெரிய நம்பிக்கை பிறந்தது. அப்புறம் பார்த்தால், வேகமாக எடை குறைந்தவர்கள், குடியை நிறுத்தியவர்கள், மறதி நோய் வந்தவர்கள் என்று மற்றவர்களிடமும் அது அடங்கவில்லை, மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பகுதியினரிடம் ஒழுங்காக அடங்கியது. இதே சோதனையைக் கொஞ்சம் மாற்றி நாங்கள் இன்றும் செய்கிறோம், குஷிங் என்ற ஹார்மோன் நோய்க்கு. 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்று சொல்லி ஒரே ஒரு தடவை கார்ட்டிசால் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை. அது காலையில் ஏறி நள்ளிரவில் இறங்குகிற சரக்கு. ஊசியைப் பார்த்த பயத்திலேயே கூடும்.

மூளையில் சேதி கடத்தும் செரட்டோனினுக்கு டெஸ்ட் கேட்டும் வருகிறார்கள். உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதம் போல உருவாவது குடலில்தான். ரத்தத்தில் அதை அளந்தால் மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த அளவு சில அபூர்வக் கட்டிகளைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். மனச்சோர்வு என்றாலே செரட்டோனின் குறைவு என்ற கதைக்கும் உறுதியான சான்று இல்லை என்று 2022இல் லண்டனிலிருந்து ஒரு விரிவான மறுஆய்வு வந்தது. உடனே 'மாத்திரையெல்லாம் ஏமாற்று' என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 2018இல் 'லான்செட்' இதழில் 522 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல், ஆனால் மலைக்கிற அளவுக்கு இல்லை என்று வந்தது. எனக்கு இது வியப்பாக இல்லை. முதல் மனச்சோர்வு மருந்தே 1950களில் காசநோய்க்குக் கொடுத்த ஐப்ரோனியாசிட்தான். நோயாளிகள் வார்டில் திடீரென்று கலகலப்பானதைப் பார்த்துக் கண்டுபிடித்தது. ரத்தத்தில் குறையைக் கண்டு அதை நிரப்பச் செய்த மருந்தல்ல.

கொஞ்சம் நம்பிக்கை தருவது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 2013இல் அமெரிக்காவில் 60 பேருக்கு, மற்ற மருந்து எதுவும் சரியாகக் கேட்காதவர்களுக்கு, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. சி.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் பலன் தெரிந்தது. அதாவது மனச்சோர்வு என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது பல நோய்களாக இருக்கலாம்; ஒரு பிரிவினருக்கு அழற்சி பங்கு வகிக்கலாம். ஆராய்ச்சியாக இது அருமை. ஆனால் எங்கள் கவுன்டரில்? பல்லில் சீழ் இருந்தாலும் சி.ஆர்.பி. கூடும், சளிக் காய்ச்சலிலும் கூடும், உடல் பருமனிலும் கொஞ்சம் கூடித்தான் நிற்கும். அந்த எண்ணை வைத்து உங்கள் மருத்துவர் மாத்திரையை மாற்றும் காலம் இன்னும் வரவில்லை.

ஜீன் டெஸ்ட் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒரு கம்பெனி ஆள் எங்கள் கூடத்துக்கே வந்து கையேடு கொடுத்துவிட்டுப் போனார். எச்சிலைக் கொடுத்தால் உங்களுக்கேற்ற மாத்திரையைச் சொல்லிவிடுவார்களாம். என் சம்பளத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும் விலை. அந்த டெஸ்ட் உண்மையில் காட்டுவது, கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.2டி6, சி.ஒய்.பி.2சி19 போன்ற நொதிகள் உங்களுக்கு வேகமா மந்தமா என்பதை. மந்தமானவர்களுக்கு எஸ்ஸிட்டலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உடம்பில் அதிகம் தேங்கும். 2சி19 மந்தமானவர்கள் ஐரோப்பியர்களைவிட ஆசியர்களில் அதிகம். ஆகவே குறைந்த அளவிலேயே பக்கவிளைவு தாங்க முடியவில்லை, இரண்டு மூன்று மாத்திரை மாற்றியும் இதே கதை என்றால் அந்த டெஸ்ட்டை மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. எந்த மாத்திரை உங்கள் துக்கத்தைத் தீர்க்கும் என்று அது சொல்லாது. அப்படிச் சொல்லி விற்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே எச்சரித்துவிட்டது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மனநல டாக்டரம்மா என் ரிப்போர்ட்களை ஒருதரம் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். "இதெல்லாம் நல்லதுக்குத்தாம்மா. இப்ப தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, செத்துப்போயிடலாம்னு தோணுதா, அதைச் சொல்லுங்க" என்றார். ஒன்பது கேள்வி உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார். பி.எச்.க்யூ.-9 என்பார்கள், தமிழிலும் இருக்கிறது. போன இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று குறிக்க வேண்டும், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது. எனக்கு 17. எண்ணைக் கண்டதும் எனக்கு ஒரு நிம்மதி, என்ன செய்வது, தொழில் புத்தி. ஒவ்வொரு முறை போகும்போதும் அதையே நிரப்பச் சொன்னார். 5 புள்ளி குறைந்தால் மாற்றம் நிஜம் என்று எடுத்துக்கொள்ளலாமாம். நமக்குக் கையில் இருப்பதில் நல்ல அளவுகோல் இந்தத் தாள்தான், ஊசியே வேண்டாம்.

எஸ்ஸிட்டலோப்ராம் 5 மி.கி.யில் ஆரம்பித்து 10க்குப் போனோம். புது மருந்து ஒன்றுமில்லை, ஒரு நாள் மாத்திரை ஒரு டீ காசுக்குள் அடங்கும், மக்கள் மருந்தகத்தில் இன்னும் குறைவு. முதல் வாரம் குமட்டல். குடலில் அவ்வளவு செரட்டோனின் இருந்தால் வராமல் என்ன செய்யும். பதற்றமும் முதலில் கூடியது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். சொல்லாமல் விட்டால் பலரும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கத்துக்கு குளோனசெபாம் கொஞ்ச நாள் மட்டும் கொடுத்து, அவரே குறைத்து நிறுத்தினார். அந்த வகை மாத்திரையை மாதக்கணக்கில் தொடர்ந்தால் விடுவது பெரும்பாடு. பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுக்கிற வழக்கமும் நம்மூரில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

மூன்று வாரம்போல ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் விழித்துப் பார்த்தால் மணி ஐந்தரை. பஸ் பயம் மாத்திரையால் மட்டும் போகவில்லை. உளவியலாளர் சொன்னபடி முதலில் அடிவாரம் வரை, அப்புறம் சில வளைவு, அப்புறம் இன்னும் சில என்று ஏறிப் பழகினேன். மூச்சு முட்டும்போது இறங்கிவிடாமல் அது தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருப்பதுதான் பயிற்சியே. அம்மா சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டு கையில் கயிறு கட்டிவிட்டார். கட்டிக்கொண்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லாத வரைக்கும் சாமியோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை.

புது மருந்துகள் பக்கம் வருகிறேன். எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் கேட்பவர்கள் அதிகம். பெரிய பேச்சு கெட்டமின். அறுவை சிகிச்சை மயக்கத்துக்குப் போடுகிற மருந்துதான். 2000இல் ஒரு சிறிய ஆய்வில், குறைந்த அளவில் கொடுத்தபோது மனச்சோர்வு மணிக்கணக்கில், நாள்கணக்கில் குறைவதைப் பார்த்தார்கள். செரட்டோனினை விட்டு குளுட்டமேட் என்ற வேறு பாதையில் வேலை செய்கிறது. அதன் உறவான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரேக்கு 2019 மார்ச்சில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது, மற்ற மாத்திரைகள் கேட்காதவர்களுக்கு. வீட்டுக்கு வாங்கிவந்து அடித்துக்கொள்ளும் மருந்தல்ல. மருத்துவமனையில் கொடுத்து இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே வைத்துக் கவனிப்பார்கள்; ரத்த அழுத்தம் ஏறும், உடம்பை விட்டு மிதப்பது போலிருக்கும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. நம் நாட்டில் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் கெட்டமினைச் சொட்டாக ஏற்றுகிறார்கள். வேகமாக வருகிற பலன் வேகமாகவே போய்விடலாம் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் ஈர்த்தது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான சுரனோலோன். கர்ப்ப காலத்தில் ஏறியிருக்கும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள் பிள்ளை பிறந்ததும் சடாரென்று விழுகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா பாதையில் அது செய்யும் வேலையை இந்த மாத்திரை செய்கிறது. 14 நாள் மட்டும், இரவில், கொழுப்புள்ள சாப்பாட்டோடு. 2023 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஒப்புதல். உடலின் மாற்றத்திலிருந்து மருந்துக்கு வந்த அபூர்வமான பாதை இது. அதற்காகத் தாய்மார்களுக்கு ரத்தம் எடுத்து யாருக்கு வரும் என்று சொல்லிவிட முடியுமா என்றால் முடியாது, அந்த வீழ்ச்சி எல்லாருக்கும் நடப்பது. 2023இல் அங்கே வைத்த விலை 14 நாளுக்கும் சேர்த்துச் சுமார் 15,900 டாலர். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் சும்மா அழுதுகொண்டே இருந்தால் "பால் கட்டியிருக்கும்" என்று சொல்லிவிடாமல் கூட்டிப்போனால், ஏற்கெனவே இருக்கிற செர்ட்ராலின் போன்றவற்றிலேயே, பால் கொடுத்துக்கொண்டே, பெரும்பாலும் குணம் காணலாம்.

2022இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற இன்னொன்று டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் புப்ரோப்பியானும் சேர்ந்த மாத்திரை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமல் டானிக்கில் இருப்பதுதானே என்று தம்பி பாட்டிலை எடுத்துக் காட்டினான். தனியாகக் குடித்தால் கல்லீரல் சீக்கிரம் உடைத்துவிடும். புப்ரோப்பியான் அதைத் தடுப்பதால்தான் இது வேலை செய்கிறது. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்ஸிட்டலோப்ராம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த இருமல் டானிக்கையோ டிராமடால் வலி மாத்திரையையோ தானாக வாங்கிச் சாப்பிட்டால் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தாகலாம். மெடிக்கல் ஷாப்பில் சளிக்கு மருந்து கேட்கும்போதே, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. என் பெரியம்மா மகள் வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறாள், எஸ்டேட் வேலை. ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை, மாத்திரை தீர்ந்துபோனது. இரண்டாம் நாளே தலைக்குள் கரண்ட் அடிப்பது போல, தலைசுற்றல், அழுகை. நோய் திரும்பிவிட்டது என்று வீடே பயந்தது. அது மாத்திரை சட்டென்று நின்றதால் வந்தது. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் இரண்டும் இதில் மோசம். ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் தொல்லை குறைவு. எப்போதும் ஓர் அட்டை கூடுதலாக இருக்கட்டும். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாக.

பணம் ஒரு தடையாக இருந்தால் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விட வேண்டும். நடுராத்திரியில் ஒன்றும் முடியாமல் போனால், செத்துவிடலாம் என்று தோன்றினால், 14416. மத்திய அரசின் டெலி மானஸ், தமிழில் பேசலாம். 2017 மனநலச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும், ஆனால் வெளிநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் எதற்குமே தருவதில்லை. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக மாமா விஷயம். தறி ஓட்டியவர், எழுபது தாண்டியவர். அத்தை போன பிறகு பேச்சே இல்லை. அவருக்கும் எஸ்ஸிட்டலோப்ராம் ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை. இரண்டாவது வாரம் தள்ளாட்டம், பாத்ரூம் எங்கே என்று கேட்கிறார். வீட்டுக்காரர் வயசுக் கோளாறு என்றார். நான் ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினேன். சோடியம் 135க்கு மேல் இருக்க வேண்டியது, 124. வயதானவர்களுக்கு இந்த மாத்திரை சோடியத்தை இறக்கும், நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அட்மிட் செய்து மெதுவாகச் சரிசெய்து, மனசுக்கு மிர்ட்டாசபின், பிரஷருக்கு வேறு மாத்திரை என்று மாற்றினார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்தால், ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, இரண்டாவது வாரம் ஒரு தடவை சோடியம் பாருங்கள், பெரிய செலவில்லாத டெஸ்ட். மாமா இப்போது இரவு தூங்குகிறார், பசிக்கிறது என்கிறார், உழவர் சந்தைக்குப் போய் கத்தரிக்காய் விலையை என்னிடம் வந்து குறை சொல்கிறார்.